நம்பிக்கைகளும் உண்மைகளும்: தலை நரைத்தபின் விமானம் பழகலாமா?

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் முடித்த ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவருக்கு விமானப்படை விமானியாகும் ஆசை இருந்தது. பின்னாளில் டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்ததோ எட்டுப் பேரை. அந்த அப்துல் கலாம், 2006 ஜூன் 8 அன்று, 74 வயதில், புனேயிலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார். திருச்சிக்காரர்கள் பெருமையோடு சொல்லும் இந்தக் கதையைச் சுற்றியும், பொதுவாக விமானம் பழகுவதைச் சுற்றியும் சில நம்பிக்கைகள் வளர்ந்திருக்கின்றன.

நம்பிக்கை: கலாம் 74 வயதில் விமானம் ஓட்டக் கற்றார்.

உண்மை: அவர் துணை விமானியின் இருக்கையில் அமர்ந்தார், விமானத்தின் பொறுப்பு விங் கமாண்டர் அஜய் ராத்தோரிடம் இருந்தது. முதுமையில் தானே விமானம் ஓட்டியவருக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஜே.ஆர்.டி. டாடாவைச் சொல்லலாம். 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த அவர், ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே நாளில், 78 வயதில், லெப்பர்ட் மாத் என்ற சிறு விமானத்தில் அதே வழியே பறந்தார். ஆனால் அவர் இளமையிலேயே, 1929-இல், உரிமம் வாங்கியவர்.

நம்பிக்கை: ஐம்பதைத் தாண்டியவருக்கு உரிமம் கிடையாது.

உண்மை: தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 17, மேல் வரம்பு இல்லை. பயணிகள் விமானம் ஓட்டுவோருக்குத்தான் 65 என்ற எல்லை. வயது ஏற ஏற மருத்துவப் பரிசோதனை அடிக்கடி வரும், அவ்வளவே. ஆனால் தனியார் விமானி உரிமத்தை வைத்துக் கூலிக்கு ஓட்ட முடியாது.

நம்பிக்கை: மூக்குக்கண்ணாடி போட்டவர் விமானி ஆக முடியாது.

உண்மை: கண்ணாடியால் பார்வை தேவையான அளவுக்குச் சரியானால் போதும். மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

நம்பிக்கை: பொறியியல் படித்திருக்க வேண்டும்.

உண்மை: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் விமான விதிகள், வழிகாணல், வானிலை ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு உண்டு. குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும்.

நம்பிக்கை: இன்ஜின் நின்றால் விமானம் கல்லாக விழும்.

உண்மை: செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானம் இன்ஜின் இல்லாமலும் ஓரடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். ஸ்ரீரங்கத்துக்கு மேலே 5,000 அடியில் இன்ஜின் நின்றால், எதிர்க்காற்று இல்லாதபோது சுமார் 13 கிலோமீட்டர் மிதந்து வரலாம். திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் 11 கிலோமீட்டர்தான். அதே விமானம் 1,000 அடியில், அதாவது ஸ்ரீரங்கம் கோயிலின் 236 அடி ராஜகோபுரத்தைப் போலச் சுமார் நான்கு மடங்கு உயரத்தில் இருந்தால் கணக்கு மாறும்: மூன்று கிலோமீட்டர்கூடத் தாங்காது. அப்போது விமானி தேட வேண்டியது ஓடுபாதையை அல்ல, கொள்ளிடம் ஆற்று மணலை. பயிற்சியில் ஆசிரியர் வேண்டுமென்றே இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டு, “எங்கே இறக்கப் போகிறீர்கள்?” என்று கேட்பது இதற்காகத்தான்.