வீட்டு லேப்டாப்பில் செர்ன் வேலை

சிஸ்டம் அட்மின் வேலைக்கோ கிளவுட் சப்போர்ட் வேலைக்கோ போகிறவர்களிடம் இன்டர்வியூவில் கேட்பார்கள்: "விர்ச்சுவல் மெஷின் ஓட்டியிருக்கிறீர்களா?" எல்லாரும் ஆமாம் என்பார்கள். "அதற்குள் என்ன ஓடியது?" என்று அடுத்த கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடும். உபுண்டு போட்டு, திரை வந்ததைப் பார்த்து, மூடி வைத்ததோடு பலருடைய அனுபவம் முடிந்திருக்கும். சும்மா கிடக்கும் விஎம் ஒன்றும் கற்றுத்தராது. இன்னொருவர் காத்திருக்கிற வேலை அதற்குள் ஓட வேண்டும். அது நடுவில் நிற்க வேண்டும், ஏன் நின்றது என்று நீங்கள் தேட வேண்டும்.

அந்த மாதிரி நிஜ வேலையைச் செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறது. திட்டத்தின் பெயர் எல்ஹெச்சி அட் ஹோம். ஊர் ஊராக வீட்டுக் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தை அறிவியலுக்குக் கொடுக்கும் வழக்கம், 1999 மே 17 அன்று தொடங்கிய சேட்டி அட் ஹோம் திட்டத்தால் பரவலானது. அதை நடத்திய பெர்க்லி பல்கலைக்கழகத்தினரே பிறகு எந்தத் திட்டத்துக்கும் பொருந்துகிற பாயிங்க் மென்பொருளை உருவாக்கினார்கள். செர்ன் 2004-இல் சேர்ந்தது.

ஆனால் இயற்பியலாளர்களின் நிரல்கள் லினக்ஸின் குறிப்பிட்ட பதிப்புகளுக்காக எழுதப்பட்டவை, தன்னார்வலர்களின் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ். லட்சக்கணக்கான வரிகளை மாற்றி எழுதுவது நடக்காத காரியம். எனவே 2011-இல் டெஸ்ட்ஃபோர்தியரி என்ற திட்டத்தில் லினக்ஸையே விர்ச்சுவல் மெஷினாகக் கட்டி வீடுகளுக்கு அனுப்பினார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு மென்பொருள்கள்தான்: பாயிங்க், விர்ச்சுவல்பாக்ஸ்.

இரண்டையும் நிறுவிய பிறகு வேலையே வராவிட்டால் முதலில் பயாஸைப் பாருங்கள். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். பல லேப்டாப்களில் அது அணைந்தே வருகிறது. அடுத்த தடை விண்டோஸின் ஹைப்பர்-வி. அது ஓடிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாக பிராசசரைத் தொட முடியாது, ஹைப்பர்-வியின் வழியாகத்தான் போகும். விஎம் ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பச்சை ஆமை தெரிந்தால் நிலைமை அதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள். வேலை நடக்கும், ஆனால் நத்தை வேகத்தில். ஆமை ஏன் வந்தது என்று சொல்லத் தெரிந்தவருக்கு இன்டர்வியூவில் மரியாதை தனி.

தொடக்கத்தில் 'தியரி' என்ற வகை வேலைகளை மட்டும் எடுங்கள். ஒரு கோர் போதும், நினைவகமும் குறைவு. 'அட்லஸ்' வகை வேலைகள் பல ஜிபி நினைவகம் கேட்கும். 8 ஜிபி லேப்டாப்பில் அதை ஓட்டினால் பிரௌசர்கூடத் திறக்காது. திட்டத்தின் கணக்குப் பக்கத்தில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை, எத்தனை சிபியூ என்று வரம்பு வைக்கலாம். ஒரு வேலை, ஒரு சிபியூ என்று தொடங்கி, ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் இதில் உண்மையான பாடம். அட்லஸ் வரைக்கும் போய்விட்டால் விஎம்மின் திரையைத் திறந்து ஆல்ட்-எஃப்2 அழுத்துங்கள்: எத்தனை துகள் மோதல் நிகழ்வுகள் கணக்கிட்டு முடிந்தன என்பது வரிவரியாக ஓடும். ஆல்ட்-எஃப்3-இல் 'டாப்' கட்டளையின் பட்டியல். சிபியூ பயன்பாடு பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் வேலை ஓடவில்லை, எதற்கோ காத்திருக்கிறது. பெரும்பாலும் நெட்வொர்க்குக்குத்தான். காரணம், வந்த விஎம் இமேஜில் முழு மென்பொருளும் இல்லை. செர்ன்விஎம்-எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, தேவைப்படும் கோப்பை மட்டும் ஹெச்டிடிபி வழியே எடுத்துத் தன்னிடம் கேஷ் செய்துகொள்கிறது. ஜிகாபைட் கணக்கான மென்பொருளைச் சின்ன இமேஜால் எப்படிக் கொடுப்பது என்று கம்பெனிகளும் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. அதற்கான விடை ஒன்று உங்கள் மேஜையிலேயே ஓடுகிறது. இதை ஒரு படம் வரைந்து விளக்கப் பழகுங்கள்.

லேப்டாப்பை அடிக்கடி மூடித் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுத்தும்போது வேலையை நினைவகத்திலேயே வைத்திரு என்ற தேர்வைப் பாயிங்கில் இயக்கி வையுங்கள். அப்படியும், மணிக்கணக்கில் தூங்கி எழுந்த விஎம்மின் நெட்வொர்க் இணைப்புகள் அறுந்துபோயிருக்கும், பாதி முடிந்த வேலை பிழையாகிவிடலாம். அப்படிப் பிழையானால் அழித்துவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். லாகைத் திறந்து, கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படித்து, காரணத்தை ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். பத்துப் பிழைகள் சேர்ந்தால் அதுதான் உங்கள் அனுபவச் சான்று.

இனி அலுவலகம். அங்கே எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஓர் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியின் கணினிப் பணியாளர், கல்லூரிக் கணினிகளில் டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட் என்ற இதேபோன்ற தன்னார்வ மென்பொருளை நிறுவினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் 2001-இல் அவர்மேல் குற்ற வழக்கு பாய்ந்தது. 2002 ஜனவரியில் சமரசம் ஆனபோது 2,100 டாலர், 80 மணி நேரச் சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று முடிந்தது. நல்ல காரியம்தானே என்ற வாதம் வழக்கைத் தடுக்கவில்லை. கம்பெனியின் மின்சாரமும் இணையமும் உங்களுடையவை அல்ல.

அனுமதியே கிடைத்தாலும் ஒரு கண்ணி உண்டு. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை மென்பொருள் திறமூலம். ஆனால் விஎம் திரையைப் பாயிங்கிலிருந்து காட்ட உதவும் எக்ஸ்டென்ஷன் பேக்கின் உரிமம் வேறு. சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் இலவசம், வணிக உபயோகத்துக்குக் காசு. அலுவலகக் கணினியில் அதை விளையாட்டாக இறக்கினால், விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் ஆரக்கிளின் உரிமக் கேள்வி உங்கள் மேலாளரின் மேஜைக்கு வரக்கூடும்.

வீட்டில் கேள்வி கேட்பது மின்கட்டணம். கூடுதலாக 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். தமிழ்நாட்டில் அடுக்கு முறைக் கட்டணம் என்பதால் கூடுதல் யூனிட்கள் மேல் அடுக்கின் விலையில்தான் விழும். இரவில் ஆறு மணி நேரம் மட்டும் ஓட விட்டால் 36 யூனிட்டோடு நிற்கும். அந்த நேர வரம்பும் பாயிங்கிலேயே இருக்கிறது. கற்றுக்கொள்ள அது தாராளம்.

ரெஸ்யூமேயில் 'செர்னில் பணிபுரிந்தேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பொய், கேட்பவர் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். எத்தனை மாதம் ஓட்டினீர்கள், எத்தனை வேலைகள் முடிந்தன, எந்தப் பிழையை எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். எண்ணிக்கை திட்டத்தின் தளத்தில் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

வேலை கிடைத்து, லேப்டாப்பை மாற்றி, இதை நிறுத்த வேண்டிய நாள் வந்தால் பாயிங்கை அப்படியே அழித்துவிட்டுப் போகாதீர்கள். கெடு தேதி வரை உங்களுக்காகக் காத்திருந்த பிறகுதான் சர்வர் அந்த வேலையை இன்னொருவருக்கு அனுப்பும். 'புதிய வேலை வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தி, கையில் இருப்பதை முடித்து அனுப்பிவிட்டு, அதன் பிறகு திட்டத்தை நீக்குங்கள்.