கோதுமையும் குடல் நோயும்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உளது. சிலரது உடலின் தற்காப்புச் சக்தி அதனைப் பகையாகக் கொண்டு, சிறுகுடலின் உட்சுவரையே பழுதாக்கி விடுகிறது. உண்ட உணவின் சத்து உடலிற் சேர்வதில்லை. இதுவே சீலியாக் நோய். ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், இரத்தச்சோகை, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியன இதன் அறிகுறிகள். கோதுமையே இதற்குக் காரணம் என்பதை ஹாலந்து நாட்டு மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-ல் தமது ஆராய்ச்சி நூலில் விளக்கினார்.

அங்கத்தினர்களுக்கு நாம் வற்புறுத்துவது ஒன்றே. ஐயம் தோன்றியவுடன் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குச் செல்லலாகாது. நிறுத்தினால் இரத்தத்தில் நோயின் அடையாளம் குறையும்; குடலும் ஆறத் தொடங்கும்; நோய் இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும். ஆகவே வழக்கம்போல் உண்டுவரும்போதே இரத்தப் பரிசோதனையும், மருத்துவர் கூறினால் சிறுகுடல் தசைப் பரிசோதனையும் செய்துகொள்ளல் வேண்டும்.

நோய் உறுதிப்பட்டால் ஆயுள் முழுவதும் பத்தியம் காக்க வேண்டும். கோதுமை ரவை, மைதா, சேமியா மட்டுமன்று. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. ஆயினும் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அவற்றை அரைக்கலாகாது. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரும் பரிசோதித்துக் கொள்வது நலம்.