முகவாய்க்கா, தாடைக்கா? எத்துப் பல் அறுவை சிகிச்சைக்கு முன் அறிய வேண்டியவை



மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்கள் சிலவற்றில் "தாடை ஆபரேஷன்" என்று எழுதியிருக்கும். இணைத்திருக்கும் மருத்துவமனை மதிப்பீட்டிலோ முகவாய் ஆபரேஷன் என்று இருக்கும். முகவாய் என்பது நாம் நாடி, மோவாய் என்று சொல்லும் கீழ்நுனி. தாடை என்பது கீழ்ப்பற்கள் அத்தனையையும் தாங்கி நிற்கும் முழு எலும்பு. இவ்விரண்டு அறுவைகளுக்கும் நோக்கமும் காலமும் செலவும் வேறு வேறு. தவறானதைத் தேர்ந்தெடுத்தால் பணம் போவதோடு, பிள்ளையின் கடி குறையும் அப்படியே நின்றுவிடும். ஆகவே இவ்விதழில் இதைப் பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

பல் எத்தி நிற்பது எதனால்?

வாயை மூடிக் கடிக்கும்போது மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. இது 7, 8 மில்லிமீட்டர் என்று கூடும்போது உதடு மூடாது. முன்பல்லால் கடித்து உண்ண முடியாது. கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பற்களே. சிலருக்குக் கீழ்ப்பற்கள் மேல் அண்ணத்தில் குத்திப் புண்ணாக்கும்.

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் கடி குறைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். கீழ்ப்பல் வரிசை பின்தங்கி நிற்பது அதில் இரண்டாம் வகுப்பு. இதில் முக்கியமான உண்மை ஒன்று உண்டு. "மேல் பல் தூக்கலாக இருக்கிறது" என்றுதான் நாம் சொல்கிறோம். எலும்பிலேயே குறை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மேல்தாடை சரியான இடத்தில்தான் இருக்கும். கீழ்த்தாடைதான் வளர்ச்சி குறைந்து பின்னால் நிற்கும். அதனால்தான் பக்கவாட்டில் பார்க்கும்போது முகவாயே இல்லாதது போலத் தெரிகிறது.

இரண்டு அறுவைகளும் செய்வது என்ன?

முகவாய் அறுவையில், கீழ் உதட்டின் உட்புறம் கீறி, பல் வேர்களுக்குக் கீழே உள்ள எலும்பின் நுனியை மட்டும் வெட்டி முன்னே நகர்த்தித் தகடு வைத்துப் பொருத்துவார்கள். சிலருக்கு எலும்பை வெட்டாமல் செயற்கைப் பொருளை உள்ளே வைப்பதும் உண்டு. எதுவானாலும் பற்கள் ஒரு மில்லிமீட்டர் கூட நகர்வதில்லை. கடி முன்பு இருந்தபடியே இருக்கும்.

கீழ்த்தாடை அறுவையில், இரு பக்கமும் கடைசிக் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் எலும்பை நீளவாக்கில் இரண்டு பலகைகளாகப் பிளந்து, பற்களோடு சேர்த்து முன்பகுதி முழுவதையும் முன்னே கொண்டுவந்து டைட்டானியம் தகடும் திருகும் போட்டு நிறுத்துவார்கள். இதுவும் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நடப்பதால் முகத்தில் பெரிய தழும்பு தெரியாது. 1957-இல் டிரௌனர், ஓப்வெகெசர் என்ற இரு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட முறைதான் பின்னர் திருத்தங்களோடு உலகெங்கும் பரவியது.

மேசையின் இழுப்பறை உள்ளே தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவாய் அறுவை கைப்பிடியை மட்டும் நீட்டி வைப்பது. தாடை அறுவை இழுப்பறையையே முன்னே இழுப்பது.

யாருக்கு எது?

பல் வரிசை சரியாகக் கடிக்கிறது, மெல்வதில் தொல்லையில்லை, முகவாய் மட்டும் சிறுத்திருக்கிறது என்றால் முகவாய் அறுவை போதும். கடியே பொருந்தவில்லை, உதடு மூடவில்லை, அண்ணத்தில் பல் குத்துகிறது என்றால் முகவாய் அறுவை அந்தத் தொல்லைகளைத் தீர்க்காது. தாடை பின்தங்கியதால் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்குத் தாடையை முன்னே கொண்டுவருவது மூச்சு வழியையும் விரிவாக்கும். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். சிலருக்கு இரண்டு அறுவைகளும் ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்யப்படும்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். முன்பற்கள் ஒன்றோடொன்று சேரும் வரை கீழ்த்தாடையை முன்னே தள்ளச் சொல்லி, பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். முகம் சீராகத் தெரிந்தால் குறை கீழ்த்தாடையில் இருக்க வாய்ப்பு அதிகம். உதடுகள் இன்னும் பிதுங்கினால் காரணம் வேறாக இருக்கலாம். இது ஒரு குறிப்பு மட்டுமே. தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே, முழுப் பல்வரிசை எக்ஸ்ரே, பல் அச்சு ஆகிய மூன்றையும் வைத்து அளந்துதான் மருத்துவர் முடிவு சொல்வார்.

பல்லைப் பிடுங்கும் முன் முடிவு தேவை

மூன்றாவது வழியும் உண்டு. மேல்வரிசையில் இரண்டு சிறு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு முன்பற்களைக் கம்பி போட்டுப் பின்னே இழுப்பது. குறை நடுத்தரமாக உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. தாடைக் குறை பெரிதாக இருந்தால் மேல் உதடு உள்வாங்கி மூக்கு நீண்டு தெரியும்.

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். தாடை அறுவைக்குத் தயார் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. அதில் முன்னே சாய்ந்த கீழ்ப்பற்களை நிமிர்த்துவார்கள். பல் எடுக்க நேர்ந்தால் பெரும்பாலும் கீழ்வரிசையில் எடுப்பார்கள். மேற்பல்லை எடுத்து இடைவெளியை மூடிய பின் "தாடை அறுவையே செய்துகொள்கிறோம்" என்றால், தாடையை முன்னே கொண்டுவர இடம் இராது. மூடிய இடைவெளியை மறுபடி திறக்க நேரிடலாம். எனவே முதல் பல்லை எடுக்கும் முன்பே முடிவு தெளிவாகிவிட வேண்டும்.

வளரும் பிள்ளைகளுக்கு அறுவையே தேவைப்படாமல் போகலாம். 10 முதல் 13 வயதுக்குள், வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில், கீழ்த்தாடையை முன்னே பிடித்து வைக்கும் கழற்றி மாட்டும் கருவிகள் உள்ளன. "பெரியவளானால் சரியாகிவிடும்" என்று அந்த ஆண்டுகளை நழுவ விடாதீர்கள். விரல் சூப்பும் பழக்கத்தை நிரந்தரப் பல் முளைக்கும் முன்பே நிறுத்துங்கள்.

காலமும் ஆபத்தும்

தாடை அறுவை வளர்ச்சி நின்ற பிறகே செய்யப்படும். பெண்களுக்குச் சுமார் 16 வயதுக்கு மேல், ஆண்களுக்கு 18-க்கு மேல் என்பது பொதுக் கணக்கு. அதற்கு முன் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கம்பி போட வேண்டும். இக்காலத்தில் பல் இன்னும் எத்தியதாகத் தெரியும். பயந்து பாதியில் நிறுத்தக் கூடாது. அறுவைக்குப் பின்னும் சில மாதம் கம்பி இருக்கும். நிக்காஹ் தேதி குறித்துவிட்டு மூன்று மாதத்தில் முடித்துத் தரக் கேட்டால், அந்த அவசரத்தில் கிடைப்பது முகவாய் அறுவையாகத்தான் இருக்கும். தேவையானதும் அதுதானா என்று பாருங்கள்.

கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. தாடை அறுவைக்குப் பின் அங்கே மரத்துப்போவது மிகச் சாதாரணம். பெரும்பாலோருக்கு மாதங்களில் திரும்பும். சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகத் தங்கும். வயது கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். முகவாய் அறுவையிலும் மரப்பு வரலாம். இவை தவிர, தாடை கொஞ்சம் பின்வாங்குவதும் கிருமித் தொற்றும் நேரலாம்.

அறுவைக்குப் பின் முதலில் திரவ உணவு, பிறகு சுமார் ஆறு வாரம் வரை மென்மையான உணவு. ரமலானை ஒட்டித் தேதி வாங்காமல் இருப்பது நல்லது. தலை தாழ்த்துவது எப்போதிலிருந்து கூடும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை உட்கார்ந்து சைகையால் தொழ நோயாளிக்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

மார்க்கத்தில் கூடுமா?

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. குறையைச் சீர்செய்வது வேறு, அழகுக்காக மட்டும் மாற்றுவது வேறு என்று அறிஞர்கள் பிரிக்கிறார்கள். 2007-இல் மலேசியாவின் புத்ரஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், உடலுக்கோ மனத்துக்கோ துன்பம் தரும் பிறவிக் குறைகளைச் சீர்செய்ய அனுமதித்தது. மெல்லவும் மூச்சுவிடவும் தடையாக இருக்கும் தாடையைத் திருத்துவது சிகிச்சை என்பதில் குழப்பமில்லை. கடி சரியாக இருந்து தோற்றத்துக்காக மட்டும் செய்யும் முகவாய் அறுவைக்கு, குறையின் அளவைச் சொல்லி உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. குறை பல்லிலா, தாடையிலா, முகவாயிலா? எக்ஸ்ரேயில் காட்டுங்கள்.
2. இந்த அறுவைக்குப் பின் கடி மாறுமா?
3. எந்தப் பல்லை எடுப்பீர்கள், ஏன்? பின்னால் தாடை அறுவைக்கு அது தடையாகுமா?
4. கம்பி, அறுவை, தகடு, மயக்க மருந்து எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
5. ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

இக்கேள்விகளைப் பல் சீரமைப்பு மருத்துவரிடமும் முக-தாடை அறுவை மருத்துவரிடமும் தனித்தனியே கேளுங்கள். இருவர் பதிலும் ஒத்துவந்தால் துணிந்து இறங்கலாம். சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரு துறைகளும் ஒரே இடத்தில் உள்ளன. அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் உங்கள் அட்டைக்கு எது பொருந்தும் என்றும் விசாரியுங்கள்.

மனு அனுப்புவோர் மதிப்பீட்டோடு இந்த இரு மருத்துவர்களின் கருத்தையும் இணைத்தால் பரிசீலனை விரைவாக முடியும். தோற்றத்தைப் பற்றிப் பிள்ளைகளை வீட்டில் யாரும் கேலி பேசாதிருப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதியே. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நலமும் நமக்கு நிதானமும் தருவானாக.