பனம்பழம்: தெரிதலும் சேமித்தலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், அதனை அடுத்த தீவுகளிலும், பூநகரி, மன்னார் முதலிய பகுதிகளிலும் ஆடி, ஆவணி, புரட்டாதி ஆகிய மாதங்களிற் பனம்பழம் மிகுதியாக விழுகின்றது. இக்காலத்தில் ஒரு வளவிலுள்ள சில மரங்களே குடும்பமொன்று உண்டு முடிக்க இயலாத அளவு பழத்தைத் தருகின்றன. ஐப்பசியில் மாரி தொடங்கியதும் பழமும் இல்லை, உலர்த்துவதற்கு வெய்யிலும் இல்லை. கூலித்தொழிலாளர் பலருக்கு வேலை குறைந்து, வீட்டிற் செலவு கூடுங் காலமும் அதுவே. ஆகவே, ஆவணி வெய்யிலில் இக்கனியைப் பனாட்டாக்கி வைக்கும் குடும்பம், மாரிக்கு வேண்டிய உணவின் ஒரு பகுதியைச் சிறு செலவுடன் தேடிக்கொண்டதாகும்.

இவ்வழக்கம் புதியதன்று. இலங்கையின் பனையைப் பற்றி வில்லியம் பேர்குசன் எழுதி 1850 இல் வெளிவந்த நூலிலும் பனாட்டுப் பற்றிய விபரம் காணப்படுகின்றது. முன்னோர் கைக்கொண்ட முறை நல்லதே. எனினும் அம்முறையிற் சுத்தக்குறைவு நேரும்போதும், போதிய அளவு உலராதபோதும் பெருமளவு பனாட்டுப் பூஞ்சணம் பிடித்து வீணாகின்றது. இழப்பைத் தவிர்க்கும் வழிகள் கீழே கூறப்படுகின்றன.

பழத்தைத் தெரிதல்

நன்கு கனிந்து தானே விழுந்த பழமே சிறந்தது. முதிராமல் வெட்டி இறக்கிய காயிற் களி குறைவாகவும் கயர்ப்பு மிகுதியாகவும் இருக்கும். நல்ல பழம் கறுத்து மினுங்கும், கையிற் பாரமாயிருக்கும், விரலால் அழுத்தினாற் சிறிது இளகும், அதன் வாசனை தூரத்திலேயே தெரியும். தோல் வெடித்து மண் புகுந்தவை, வண்டு துளைத்தவை, மாடு சூப்பியவை, புளித்த மணம் வீசுபவை ஆகியவற்றை விலக்குதல் வேண்டும்.

இரவில் விழும் பழங்களை விடியற்காலையிலேயே பொறுக்குதல் நன்று. வெய்யில் ஏறியபின் ஈயும் வண்டும் மொய்க்கும். மரத்தின் கீழ்ப்பகுதியை முன்னரே கூட்டித் துப்புரவாக்கி, உலர்ந்த வைக்கோலையாவது சருகையாவது பரப்பி வைத்தால் விழும் பழம் அதிகம் சிதையாது.

எல்லாப் பனைகளின் பழமும் ஒரே சுவையுடையவையல்ல. சில மரங்களின் பழம் இனிக்கும். வேறு சிலவற்றின் பழம் கைத்துக் காறும். இக்கைப்புக்குக் காரணம் களியிலுள்ள பிளபெலிபெரின் என்னும் சப்போனின் வகைப் பொருள்களாகும். கைப்பான பழமொன்றின் களி சேர்ந்தாலும் ஒரு பாய்ப் பனாட்டு முழுவதன் சுவையும் கெடும். எனவே சொந்த வளவுடையோர் ஒவ்வொரு மரத்தின் பழத்தையும் சிறிது சுவைத்து, இனிப்பு மரங்களை அடையாளமிட்டு வைத்தல் வேண்டும். சந்தையில் வாங்குவோர் முதலில் ஒரு பழத்தை மாத்திரம் வாங்கிச் சுவைத்துப் பார்த்து, நன்றாயின் அதே குவியலில் மிகுதியை வாங்கலாம்.

எவ்வளவு வாங்குதல் தகும்?

விலை மலிவென்று வண்டில் நிறைய வாங்குவதே பலர் செய்யும் தவறு. விழுந்த பழம் இரண்டொரு நாட்களில் நொதிக்கத் தொடங்கும். பிழிந்த களியோ அன்றைக்கே புளித்துவிடும். ஆகவே வீட்டிலுள்ள பாய்களின் தொகையையும், வேலை செய்வோரின் தொகையையும் கணக்கிட்டு, ஒரு நாளிற் பிழிந்து பரப்பக்கூடிய அளவே வாங்குதல் வேண்டும். அன்றைக்கு முடியாத பழங்களை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று குவியாது பரப்பி வைத்து, மறுநாள் முதல் வேலையாகப் பிழிதல் வேண்டும். அவற்றைச் சாக்கிற் கட்டி வைத்தல் கூடாது.

களி எடுத்தல்

பழங்களை மண் போகக் கழுவி, காம்பைச் சுற்றியுள்ள தடித்த இதழ்களை நீக்கி, கறுத்த தோலை உரித்தல் வேண்டும். பின்னர் பழத்தைப் பிளந்து கொட்டைகளைப் பிரித்து, கொதித்தாறிய நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துத் தும்பிலிருந்து களி கழலும்வரை பிசைதல் வேண்டும். நீர் கூடினால் உலர்த்தும் நாட்களும் கூடும். ஆதலால் மிகக் குறைந்த நீரே போதும். பிசைந்த களியைத் துப்புரவான துணியிலோ அரிதட்டிலோ வடித்துத் தும்பை அகற்றுதல் அவசியம். கிணற்று நீரைக் கொதிக்க வைக்காது சேர்ப்பதும், கழுவாத கைகளாற் பிசைவதும் பனாட்டுக் கெடுவதற்கு முதற் காரணங்களாகும்.

பனாட்டு இடுதல்

வெய்யில் நன்கு விழும் முற்றத்தில், நிலத்திலிருந்து ஏறக்குறைய மூன்று அடி உயரத்திற் கம்புகளால் பந்தர் அமைத்து, அதன்மேற் பனையோலைப் பாய்களை விரித்தல் வேண்டும். நிலத்தில் விரித்தாற் புழுதி படிவதுடன் கோழியும் நாயும் தீண்டும். கீழிருந்து காற்றும் படாது. பாய்களை முதல்நாளே சுடுநீரிற் கழுவி வெய்யிலிற் காயவிடுதல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த பழைய பாயை உபயோகித்தலாகாது.

காலை வேளையிற் களியை மெல்லிய படையாகப் பரப்புதல் வேண்டும். தடிப்பாகப் பரப்பினால் மேற்பக்கம் காய்ந்து மூடிக்கொள்ள, உட்பக்கம் ஈரமாகவே இருந்து புளிக்கும். ஒரு படை விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பின்பே அடுத்த படையை இடுதல் வேண்டும். இவ்வாறு நாள்தோறும் படைமேற் படையாக இட்டு வர, ஏறக்குறைய இரண்டு கிழமைகளில் வேண்டிய தடிப்பு வந்துவிடும். கடைசிப் படை இட்ட பின்னரும் பல நாட்கள் காயவிட்டு, பாயினின்று உரித்தெடுத்து, மறுபக்கத்தையும் வெய்யில் காட்டுதல் வேண்டும்.

ஈக்களைத் தடுக்க, பந்தரின் மேல் நுளம்பு வலைத் துணியைக் களியிற் படாதவாறு உயர்த்திக் கட்டலாம். மாலையிற் பனி விழுமுன் பாய்களை உள்ளே எடுத்தலும், மழைக்குணம் கண்டவுடன் மூடுதலும் முக்கியம். ஒரு மழையில் நனைந்தாலும் ஒரு கிழமை உழைப்பு வீணாகும். இதனாலேயே புரட்டாதி பிற்பகுதியிற் புதிய பாய் தொடங்காதிருத்தல் புத்தியாகும்.

சேமித்தல்

பனாட்டு நெடுங்காலம் கெடாதிருப்பதற்குக் காரணம், அதில் நீர் குறைந்து சர்க்கரை செறிந்திருப்பதே. ஆகவே உலர்ந்ததா என்று சோதித்த பின்னரே அதனைச் சேமித்தல் வேண்டும். ஒரு துண்டை மடித்து அழுத்தி விட்டால், இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளாது விரிதல் வேண்டும். ஒட்டுமாயின் மீண்டும் வெய்யில் காட்டுக.

முற்காலத்திற் பனாட்டை ஓலைப் பெட்டியில் அடைத்து, அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிட்டனர். புகையும் சூடும் ஈரத்தையும் பூச்சியையும் விலக்கின. விறகடுப்புள்ள வீடுகளில் இம்முறை இன்றும் ஏற்றதே. வாயு அடுப்புள்ள வீடுகளில் ஓலைப் பெட்டி மாரி ஈரத்தை உறிஞ்சும். அங்கே காய்ந்த போத்தலில் அல்லது இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணியில் அடைத்து இருளான இடத்தில் வைத்தல் நன்று. பழத்துக்கு நிறந்தரும் கரோட்டீன் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுவது. வெய்யிலில் அதில் ஒரு பகுதி அழிகின்றது. எஞ்சியதைக் காப்பதற்கு இருளும் குளிர்ச்சியும் உதவும். பழக்காலத்திற் பிள்ளைகளுக்குப் புதிய பழத்தையும் கொடுத்து வருதல் இதனாலேயே விரும்பத்தக்கது.

பெரிய பாத்திரம் ஒன்றிலும் சிறிய பாத்திரங்கள் பலவற்றில் அடைப்பது மேலானது. ஒன்றைத் திறக்கும்போது மற்றவை ஈரக்காற்றுப் படாதிருக்கும். மாதம் ஒருமுறை திறந்து பார்த்தலும் நல்லது. பூஞ்சணம் கண்ட பனாட்டைத் துடைத்தோ, வெட்டி நீக்கியோ உண்ணலாகாது. சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் நஞ்சு கண்ணுக்குத் தோன்றாது உள்ளே பரவியிருக்கும். காய்ச்சினாலும் எளிதில் அழியாது.

பனம்பாணி கிடைக்குமிடத்தில், உலர்ந்த பனாட்டுத் துண்டுகளைப் பாணியில் ஊறவிட்டுப் பாணிப்பனாட்டாகவும் வைக்கலாம். நீரிழிவு நோயுடையோர் இவற்றை அளவோடு உண்ணுதல் வேண்டும்.

மிஞ்சும் களியும் கொட்டையும்

பரப்ப இடமில்லாது மிஞ்சிய களியை வீசிவிடாது, அடுப்பிற் காய்ச்சி மாவும் சீனியும் சேர்த்துப் பனங்காய்ப் பணியாரமாகச் சுடலாம். நன்கு ஆறிய பின் மூடி வைத்தாற் சில நாட்களுக்கு உதவும். கொட்டைகளை ஓரிடத்திற் சேர்த்து, மழை தொடங்குமுன் மண்ணை உயர்த்திய பாத்தியில் அடுக்கி மூடினால், மாரி மழையில் முளைத்துக் கிழங்கு தரும். அக்கிழங்கே பின்னர் ஒடியலும் புழுக்கொடியலும் ஆகின்றது. இவ்வாறு ஒரே பழம் இருமுறை உணவளிக்கின்றது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தானே விழுந்த, வெடிப்பற்ற, இனிப்பான பழத்தையே எடுக்க.
2. ஒரு நாளிற் பிழியக்கூடிய அளவே வாங்குக.
3. கொதித்தாறிய நீரும் கழுவிய பாயும் பாவிக்க.
4. மெல்லிய படையாக இட்டு, அது காய்ந்த பின்பே அடுத்த படை இடுக.
5. மடித்தால் ஒட்டாத பனாட்டையே அடைத்து வைக்க.
6. பூஞ்சணம் கண்டதை முழுவதும் அகற்றுக.

பனம்பழம் பெருஞ் செலவின்றிக் கிடைப்பது. அதனைக் காப்பதற்கு வேண்டியது ஒரு மாத வெய்யிலும் துப்புரவான கையுமே. அவ்வெய்யில் இருக்கும்போதே முயலும் குடும்பத்தில், மார்கழி மழைநாளிலும் பிள்ளைகளின் கைக்கு ஒரு துண்டுப் பனாட்டுக் குறைவின்றிக் கிடைக்கும்.