விண்ணகப் படமும் பிழை களைதலும்

மண்ணும் கடலும் இடையறாது நுண்ணலைகளை வெளியிடுகின்றன. உலர்ந்த மண் மிகுதியாகவும், ஈரமண் குறைவாகவும் வெளியிடும். கடல்நீரில் உப்பு மிகுந்தால் அவ்வலையின் வலிமை சிறிது தாழும். இவ்வேறுபாடுகளை அளந்து மண்ணின் ஈரத்தையும் கடலின் உப்பையும் அறியும்பொருட்டு, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ‘ஸ்மோஸ்’ என்னும் செயற்கைக்கோளை விண்ணிற் செலுத்தியது.

அக்கோள் ஏற்கும் அலையின் நீளம் 21 சென்டிமீட்டர். இத்துணை நீண்ட அலையால் நிலத்தைக் கூர்ந்து காண மிகப் பெரிய அலைவாங்கி வேண்டும். அதனை விண்ணிற்குச் சுமந்து செல்லுதல் அரிது. ஆதலின் அறிஞர் மூன்று கைகளை விரித்து, அவற்றிலும் நடுவிடத்திலுமாக 69 சிறிய அலைவாங்கிகளைப் பொருத்தினர். அவற்றை இரண்டிரண்டாக இணைத்து, பெற்ற அலைகள் எவ்வளவு ஒத்துள்ளன என அளந்து, அவ்வளவுகளைக் கணக்கினாற் கூட்டியே படம் அமைக்கின்றனர். செல்லரித்த ஏட்டைப் பல படிகளை ஒப்பிட்டுப் படிப்பது போன்றது இது. ஆதலின் பிழையும் நேர்தல் இயல்பே.

முதலாவது, கைகளின் நீளத்திற்கு அப்பாற்பட்ட நுண்ணளவுகள் கிடைப்பதில்லை. அளவுகள் இடையில் அறுபடுவதால், நிலமும் கடலும் கூடும் கரையோரத்திற் பொய்யான வரிகள் தோன்றும். அக்கருவிக்கு நிலம் ஏறத்தாழ 250 கெல்வினாகவும், கடல் ஏறத்தாழ 100 கெல்வினாகவும் தோன்றும். ஆயிரம் பங்கு கடல்நீரில் ஒரு பங்கு உப்பு மிகுவதால் விளையும் மாற்றமோ ஒரு கெல்வினுக்கும் குறைவு! நிலத்தின் சாயல் சிறிதே கடலிற் படியினும் உப்பின் அளவு பிழைபடுமன்றோ?

இரண்டாவது, 69 அலைவாங்கிகளும் முற்றிலும் ஒரே தன்மையன அல்ல. மூன்றாவது, 1400 முதல் 1427 மெகாஹெர்ட்சு வரை எவரும் அலை பரப்பலாகாது என்பது உலக நாடுகளின் உடன்பாடு. அதனை மீறும் கருவிகள் படத்தில் ஒளிப்புள்ளிகளாய் நின்று சுற்றுப்புறத்தையும் கெடுக்கின்றன.

இவற்றைக் களையும் வழிகளும் உள. அளவுகளை மென்மைப்படுத்தின் பொய்வரிகள் அடங்கும். ஆயினும் படத்தின் கூர்மையும் குறையும். கோளைத் திருப்பிக் குளிர்ந்த வானை நோக்கச் செய்து கருவியைச் சரிபார்ப்பர். இயல்பு நன்கறிந்த திறந்த பெருங்கடலை நோக்கி, உண்மையினின்று படம் விலகும் அளவை அறிந்து, அவ்விலகலைப் பிற படங்களினின்று கழிப்பர். ஏடெழுதியவரின் பிழைவழக்கத்தை நாம் நன்கறிந்த பாட்டிற் கண்டு, அறியாத பாட்டைத் திருத்துவதும் இம்முறையே. விதிமீறிய கருவிகளைப் பற்றி அந்தந்த நாட்டினர்க்கு அறிவித்ததால் அவற்றுட் பல நிறுத்தப்பட்டன.

மாணவர்களே! மண்ணின் ஈரத்தை அறிதல் வறட்சியை உணர உதவும். அவ்வளவு பிழைபடின் உழவர்க்குக் கூறும் முடிவும் பிழைபடும். படம் தெளிவாயிருப்பது கொண்டே அதனை மெய்யெனக் கொள்ளாது, அது எவ்வாறு அமைந்தது என ஆராய்ந்து தெளிவதே அறிவுடைமை.