பேப்பர் பில்லை நிறுத்தினா மிச்சம் மரமா, பெட்ரோலா?



போன மாசம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் அண்ணன் நம்ம ஆபீஸுக்கு வந்தார். லோனுக்காக இரண்டு வருஷக் கணக்கு காட்டணும். ஜன்னலோரம் மாட்டி வச்சிருந்த மஞ்சப்பையை அப்படியே கொண்டுவந்து கொட்டினார். பாதி ரசீதில் எழுத்தே இல்லை, வெறும் வெள்ளைத்தாள்.

அதெல்லாம் தெர்மல் பேப்பர். அதில் மை கிடையாது. தாளின் மேல்பூச்சு சூடு பட்டால் கறுக்கும், அதுதான் எழுத்து. வெயிலும் எண்ணெய்க் கையும் பட்டா மங்கிடும். அந்தப் பூச்சில் பெரும்பாலும் பிஸ்ஃபீனால் வகை ரசாயனம் இருக்கும். பழைய பேப்பர் கட்டோட சேர்த்துப் போட்டா, மறுசுழற்சி ஆகிற பேப்பரிலும் அது கலந்துடும். இ-பில்லுக்கு மாறச் சொல்ல எனக்கு இதுதான் முதல் காரணம்.

"மரங்களைக் காப்போம்"னு மெசேஜ் வருதே? நம்ம ஊர்ல அது பாதி உண்மைதான். கரூர் பக்கம் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து பேப்பர் தயாரிக்குது. அதுக்கும் தண்ணி, கரண்ட் செலவாகும், இல்லைன்னு சொல்லலை.

சரி, கணக்குக்கு வருவோம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒண்ணு 5 கிராம். கவரோட சேர்த்து 10 கிராம்னு வைங்க. மாசம் 6 தபால் வந்தா வருஷத்துக்கு 720 கிராம் பேப்பர். கிலோவுக்குக் கிலோன்னு தோராயமா எடுத்தா, கார்பன் டை ஆக்சைடும் கிட்டத்தட்ட முக்கால் கிலோ. இப்போ ஸ்கூட்டரைப் பாருங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ. 45 கி.மீ. மைலேஜ் தர்ற வண்டியில கவுண்டருக்குப் போய்வர 6 கி.மீ.ன்னா, ஒரு தடவைக்கே 300 கிராம். மூணு தடவை போனாலே வருஷப் பேப்பர் முழுக்க மிச்சப்படுத்தினது காலி! இ-பில்லுக்கு மாறிட்டு, அதைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு வண்டியில போய்ப் பணம் கட்டுறவங்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஈபி பில் விஷயத்துல நாம ஏற்கெனவே பாதி மாறியாச்சு. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறாங்க, தொகை எஸ்எம்எஸ்ஸில் வருது. ஆனா பதிவான நம்பர் யாருதுன்னு பாருங்க. காலி பண்ணிட்டுப் போன குடித்தனக்காரர் நம்பரா இருந்தா, பில் வந்ததே உங்களுக்குத் தெரியாது. ஃபியூஸைப் பிடுங்க ஆள் வரும்போதுதான் தெரியும்.

கைத்தறிக்காரங்க இன்னும் கவனமா இருக்கணும். 2023 மார்ச்சிலிருந்து உங்களுக்கு இரண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசம் (முன்னாடி 200). தொகை பூஜ்யம்னு வந்தா யாரும் யூனிட்டைப் பார்க்கிறதில்லை. மீட்டர் பக்கத்து வெள்ளை அட்டையை ஒவ்வொரு ரீடிங்குக்கும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

பிடிஎஃப் பில்களை மெயிலில் ஒரே ஃபோல்டரில் போடுங்க. போன் தொலைஞ்சாலும் மெயில் இருக்கும். மின்னணு ஆவணத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அங்கீகாரம் தருது. அதனால "ஒரிஜினல் பேப்பர் வேணுமே"ன்னு பயப்பட வேண்டாம்.

அந்த அண்ணன் யுபிஐயில் கட்டினதையெல்லாம் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பிடிச்சுட்டோம். ரொக்கம் கொடுத்து வாங்கின ஜரிகைக் கணக்கைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்.