மோஹமும் மூர்ச்சையும்

அத்யயன உத்ஸவத்தில் இராப்பத்தின் முதல் நாளன்று திருவாய்மொழியின் முதற்பத்து ஸேவிக்கப்படுகிறது. அதன் மூன்றாம் திருவாய்மொழியாகிய 'பத்துடை அடியவர்க்கு' என்பதில் முதற்பாசுரத்தை அருளிச்செய்த அளவிலே ஆழ்வார் ஆறு மாத காலம் மோஹித்துக் கிடந்தார் என்று பூர்வாசார்யர்கள் கூறுவர். இதைச் செவியுறும் ஸேவார்த்திகளுக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. கீதையின் பதினெட்டாம் அத்தியாய முடிவில், தன் மோஹம் ஒழிந்தது என்றன்றோ அர்ஜுனன் விண்ணப்பம் செய்கிறான்? மயர்வு நீங்கிய ஞானத்தை எம்பெருமானே தந்தருளினான் என்று தொடக்கத்திலேயே அருளிச்செய்த ஆழ்வாருக்கு மோஹம் எங்ஙனம் கூடும்?

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'முஹ்' என்னும் தாதுவிலிருந்து பிறந்தது மோஹம். அத்தாதுவுக்குச் சித்தம் தன் நிலை மாறுதல் என்பதே பொருள். அம்மாற்றம் எதனால் நேர்ந்தது என்பதைச் சொல் காட்டாது. அறியாமையாலும் ஆகலாம், துயரத்தாலும் ஆகலாம், பேரன்பாலும் ஆகலாம். இக்காலத்தில் மோகம் என்றவுடன் ஆசை வெறியையே நினைப்பது பொருள் சுருங்கிய வழக்கு.

மூர்ச்சை என்பது 'மூர்ச்ச்' என்னும் தாதுவிலிருந்து வருவது. தாதுபாடம் இதற்கு மோஹம், ஸமுச்ச்ராயம் என இரு பொருள் உரைக்கிறது. ஸமுச்ச்ராயமாவது ஓங்கிப் பெருகுதல். ஸங்கீத சாஸ்திரத்தில் ஸ்வரங்கள் முறையே ஏறி இறங்குவதை மூர்ச்சனை என்பதும் இத்தாதுவைக் கொண்டே. வீதியில் எழுந்தருளும் உத்ஸவ மூர்த்தியின் 'மூர்த்தி' என்னும் சொல்லும் இதே தாதுவினின்றே பிறந்தது என்றால் பலர் வியப்பர். பாணினி ஸூத்ரத்தின்படி இடையிலுள்ள சகாரம் கெட்டு அவ்வடிவம் அமைகிறது. மூர்த்தி என்பதற்குக் கடினத்தன்மை, உடல் என இரு பொருளை அமரகோசம் தருகிறது. பரந்திருப்பது செறிந்து உருப்பெறுதல் என்னும் கருத்து அதில் உண்டு.

மூர்ச்சையின் நிலை யாது என்பதை ப்ரஹ்மஸூத்ரம் மூன்றாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில் தனி அதிகரணமாகவே ஆராய்கிறது. மூர்ச்சித்தவனுக்கு அறிவு இல்லையாதலால் அது விழிப்பன்று, கனவுமன்று. முகமும் உடலும் வேறுபட்டுக் கிடத்தலால் உறக்கமும் அன்று. மீண்டு எழுதலால் மரணமும் அன்று. ஆகவே அது மரணத்திற்குப் பாதி வழி என்பது எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் காட்டிய முடிவு. மரணத்தில் பிராணனுக்கும் தேகத்துக்குமுள்ள தொடர்பு முற்றும் அறும். மூர்ச்சையில் அது ஸூக்ஷ்மமாக நிற்கும். கைகேயியின் வரங்களைக் கேட்ட தசரதன் விழுந்து கிடந்தது இந்நிலையே. அதற்குக் காரணம் சோகம்.

ஆழ்வார் விஷயம் வேறு. பரத்வத்தைப் பேசி நிலைகுலையாதவர், வெண்ணெய் களவு கண்டு உரலோடு கட்டுண்டு ஏங்கியிருந்த எளிமையைப் பேசப் புகுந்தவுடன் தரிக்கமாட்டாமல் விழுந்தார். அங்கே ஞானம் அழியவில்லை. ஞானம் பக்தியாய் முதிர்ந்து பெருகியதைக் கரணங்கள் தாங்கவில்லை, அவ்வளவே. அர்ஜுனனுடைய மோஹம் உண்மை தோன்றாததால் வந்தது, அது தெளிய உபதேசம் வேண்டியிருந்தது. இவருடையதோ உண்மை மிகத் தோன்றியதால் வந்தது. இதற்கு மருந்தில்லை. உணர்ந்து எழுந்த பின்னரும் ஆழ்வார் அந்த எளிமையையே தொடர்ந்து பாடினார். ஐந்தாம் பத்தின் இறுதியில் கண்ணன் பிறந்து வளர்ந்தபடியைப் பேசும்போது மீண்டும் ஆறு மாதம் மோஹித்தார்.